வெளிநாட்டு வணிகர் வந்தால் உள்ளூரில் யாருடைய வேலை போகிறது?

2004 ஆகஸ்ட்டில் செனகலின் தலைநகர் டக்காரில் யூனகோய்ஸ் என்ற பெரிய வணிகர் சங்கம் கடையடைப்புக்கு அழைப்பு விடுத்தது. நகரில் சீன வணிகர்கள் பெருகிவிட்டார்கள், உள்ளூர் வியாபாரம் படுத்துவிட்டது என்பது அவர்கள் குறை. அஸ்கோசென் என்ற நுகர்வோர் சங்கமோ அதற்கு எதிராகத் தெருவில் இறங்கியது. சீனக் கடைகள் வந்த பிறகுதான் சாதாரணக் குடும்பங்களுக்குப் பொருள்கள் கட்டுப்படியாகிற விலையில் கிடைக்கின்றன, அவர்களைத் துரத்தக்கூடாது என்றது. இரண்டு பக்கத்திலும் நின்றவர்கள் செனகல்காரர்கள்தான்.

வளரும் நாடுகளில் இந்தச் சண்டை திரும்பத் திரும்ப வருகிறது. ‘நம் வேலையைப் பறிக்கிறார்கள்’ என்று ஒரு குரல், ‘இல்லை, வேலை கொடுக்கிறார்கள்’ என்று மறுகுரல். இரண்டும் உண்மை என்பதுதான் சிக்கல். வேலை இழப்பவரும் வேலை பெறுபவரும் வேறு வேறு ஆட்கள். மொத்தமாக எத்தனை வேலை கூடியது, எத்தனை குறைந்தது என்று கூட்டிக் கழித்துப் பார்த்தால் இது புலப்படாது. தொழிற்சாலையிலிருந்து வாங்குபவர் கைக்குச் சரக்கு போய்ச் சேரும் வழியில் பல படிகள் இருக்கின்றன. வந்தவர் எந்தப் படியில் உட்கார்கிறார், கீழே நிற்கும் உள்ளூர்க்காரருக்கு அந்தப் படிக்கு ஏற வழி இருக்கிறதா என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

டக்காரையே எடுத்துக்கொள்வோம். சீனக் கடைகள் நெருக்கமாக முளைத்த சாந்தனேர் சாலை ஒரு காலத்தில் அரசு ஊழியர்கள் குடியிருந்த பகுதி. ஓய்வு பெற்றவர்களும் அவர்கள் பிள்ளைகளும் வீட்டின் முன்பக்கத்தையும் கார் நிறுத்துமிடத்தையும் கடைக்கு வாடகைக்கு விட்டார்கள். கையில் பெரிய முதல் இல்லாத இளைஞர்கள் அந்தக் கடைகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சரக்கெடுத்து, தோளிலும் தள்ளுவண்டியிலும் சுமந்துபோய் நகரம் முழுக்க விற்றார்கள். கடைக்குள் உதவிக்கு ஓரிரு உள்ளூர்ப் பையன்கள் இருந்தார்கள். அடிப்படியில் பிழைப்பு விரிந்தது. வீட்டுக்காரருக்கு வாடகை வந்தது. அடிபட்டவர் நடுவில் இருந்த இறக்குமதியாளர், மொத்த வியாபாரி. வெளிநாட்டிலிருந்து சரக்கைக் கொண்டுவந்து நல்ல லாபம் வைத்துச் சிறு வியாபாரிக்குக் கைமாற்றியவர் அவர். கடையடைப்பை நடத்திய சங்கத்தில் அவருடைய குரல்தான் ஓங்கியிருந்தது. தெருவியாபாரிக்கு அப்படி ஒரு சங்கம் இல்லை.

அந்த நடுத்தர வணிகரின் கவலை பொய் என்று நான் சொல்லவரவில்லை. ஓர் ஏழை நாட்டில் முதல் சேர்வது அவர் கையில்தான். சேர்ந்த முதலில் ஒரு பங்கு நாளைக்கு ஒரு பட்டறையாகவோ சிறு தொழிற்சாலையாகவோ மாற வாய்ப்புண்டு. அந்தப் படியே வெளியாள் கைக்குப் போய்விட்டால், இழப்பு இன்றைய வேலைக் கணக்கில் தெரியாது. பத்து, இருபது ஆண்டுகள் கழித்துத்தான் தெரியும்.

எப்படி இவ்வளவு மலிவாக விற்கிறார்கள்?

மலிவு விலைக்கு முதல் காரணம் கடன். சீனாவின் ஈவூ நகரத்து மொத்தச் சந்தையில் 75,000 கடைகள் இருக்கின்றன. அங்கே உறவோ பழக்கமோ உள்ள வணிகருக்குச் சரக்கு கடனுக்குக் கிடைக்கும். விற்ற பிறகு பணம் அனுப்பினால் போதும். அதே சரக்கை வாங்கப் போகும் ஆப்பிரிக்க வணிகர் பெரும்பாலும் ரொக்கம் வைக்க வேண்டும். அந்த ரொக்கத்துக்கு உள்ளூர் வங்கியை நாடினால் ஈடு கேட்கும், வட்டியும் அதிகம். சிறு வியாபாரியை உள்ளேயே விடாத வங்கிகளும் உண்டு. ஒரே பொருள், ஒரே கப்பல். ஆனால் ஒருவருக்கு வட்டியில்லாத சரக்கு, மற்றவருக்கு வட்டிச்சுமை ஏறிய சரக்கு. போட்டியில் பாதி கடை திறக்கும் முன்பே முடிந்துவிடுகிறது.

இரண்டாவது காரணம், கூட்டுக் கொள்முதல். தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மக்கள் வாழும் புறநகர்க் குடியிருப்புகளில் ஸ்பாசா என்று சொல்லப்படும் சிறு மளிகைக் கடைகள் உண்டு. அங்கே கடை வைத்த சோமாலியர்கள் பலர் சேர்ந்து மொத்தமாக வாங்கி, ஒரே வண்டியில் ஏற்றிவந்து, கடைக்குக் கடை இறக்கிக்கொண்டார்கள். ஒரு கடையில் இரண்டு மூன்று பேர் பங்கு சேர்வதும், ஒரு கடையின் லாபத்தில் இன்னொருவருக்குக் கடை வைத்துக் கொடுப்பதும் அவர்களிடையே சாதாரணம். லாபத்தைக் குறைத்துவைத்துச் சரக்கை வேகமாகப் புரட்டினார்கள். விடியற்காலையில் திறந்து இரவு வெகுநேரம் கழித்து மூடினார்கள், கடையிலேயே படுத்தார்கள். தனி ஆளாக, பக்கத்து மொத்தக் கடையில் நாலு பெட்டி வாங்கி விற்ற உள்ளூர்க் குடும்பத்தால் அந்த விலைக்கு இறங்க முடியவில்லை.

அதிகம் பேசப்படாத மூன்றாவது காரணமும் உண்டு. வந்தேறிக்கு அந்த ஊரில் உறவு இல்லை. உள்ளூர்க் கடைக்காரரிடம் அக்காள் மகன் வந்து அரிசி கேட்டால் இல்லை என்று சொல்ல முடியாது. பக்கத்து வீட்டில் சாவு விழுந்தால் கல்லாவைத் திறந்துதான் ஆக வேண்டும். கடன் வாங்கியவர் கூடவே வளர்ந்தவர். எப்படிக் கறாராகக் கேட்பது? அந்நியருக்கு இந்தக் கட்டுகள் எதுவும் இல்லை. அவருடைய உறவும் கடமையும் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருப்பதால் அன்றாடம் கல்லாவைத் தொடுவதில்லை. ஊரோடு ஒட்டி வாழ்வதற்கு உள்ளூர் வணிகர் கொடுக்கும் விலை இது. இதைத் திறமைக் குறைவு என்று ஏளனம் செய்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

மலிவுக்குப் பின்னால் முறைகேடுகளும் இருக்கின்றன. சுங்கத்தில் சரக்கின் மதிப்பைக் குறைத்துக் காட்டுவது, ரசீது இல்லாமல் விற்பது, வேலையாளுக்கு ஒப்பந்தமோ சட்டப்படியான கூலியோ தராமல் ஓட்டுவது. உள்ளூர் வணிகரில் பலரும் இதைச் செய்கிறவர்கள்தான். எனவே இதைச் சட்டத்தை அமல்படுத்துவதில் உள்ள ஓட்டையாகப் பார்க்க வேண்டும். ஒரு நாட்டாரின் குணமாகப் பார்த்தால் ஓட்டை அப்படியே இருக்கும், ஆள் மட்டும் மாறுவார்.

கணக்கில் வருவதும் வராததும்

ஜோகன்னஸ்பர்க் உள்ளிட்ட கௌடெங் மாகாணத்தில் 618 வெளிநாட்டுச் சிறு தொழில் முனைவோரிடம் ஓர் ஆய்வு நடந்தது. அவர்கள் எல்லாரும் சேர்ந்து 1,223 பேருக்கு வேலை கொடுத்திருந்தார்கள். அதில் 503 பேர் தென்னாப்பிரிக்கர்கள். ஆய்வில் பங்கேற்றவர்களில் 31 விழுக்காட்டினர் தென்னாப்பிரிக்கர்களிடமிருந்து இடத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ‘வெளியாள் வேலை தருவதே இல்லை’ என்று மேடையில் பேசுகிறவர்களுக்கு இந்த எண்களே பதில்.

ஆனால் இதே எண்களை வைத்து நஷ்டமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அந்த 618 தொழில்கள் தொடங்கியதால் எத்தனை உள்ளூர்க் கடைகள் மூடப்பட்டன என்பதை இப்படி ஓர் ஆய்வு சொல்லாது. ஸ்பாசா நடத்திய பல தென்னாப்பிரிக்கர்கள் போட்டியிட முடியாமல் கடையை அப்படியே வெளிநாட்டவருக்கு வாடகைக்கு விட்டார்கள். வாடகை மாதாமாதம் வருகிறது, தலைவலி இல்லை. அந்தக் குடும்பத்துக்கு அது லாபமாகக்கூட இருக்கலாம். ஆனால் கடையில் உட்கார்ந்திருந்த மனைவிக்கும், சரக்கெடுக்கப் போன தம்பிக்கும், மாலையில் கல்லாவைப் பார்த்துக்கொண்ட மகளுக்கும் இப்போது வேலை இல்லை. வருமானம் தங்கியது, தொழில் போய்விட்டது. முறைசாராத் தொழிலில் குடும்ப உழைப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறாததால், அது போனதையும் யாரும் எண்ணுவதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1994-க்குப் பிறகு தென்னாப்பிரிக்காவின் பெரிய சூப்பர் மார்க்கெட் நிறுவனங்கள் இதே குடியிருப்புகளுக்குள் வணிக வளாகங்களோடு நுழைந்தன. ஸ்பாசா வியாபாரத்தை அவையும் பலமாக அரித்தன. ஆனால் கும்பல் கூடித் தாக்கியது சோமாலியரின் தகரக் கடைகளை. 2008 மே மாத வன்முறையில் 62 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் 21 பேர் தென்னாப்பிரிக்கக் குடிமக்கள். வேலையின்மை மூன்றில் ஒருவரை வாட்டும் நாட்டில் ஆத்திரம் எங்கே திரும்பும் என்பதைத் தீர்மானிப்பது பொருளாதாரக் கணக்கு அல்ல. எளிதில் தாக்கக்கூடியவர் யாரோ அவர்மேல்தான் அது பாய்கிறது.

தொழிற்சாலை வேலைகளின் கதை வேறு. நைஜீரியாவின் காடுனாவில் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை தந்துவந்த பெரிய நெசவாலை 2007-இல் மூடப்பட்டது. அதே நாட்டின் கானோ நகரத்துத் துணிச் சந்தையில் சீன வணிகர்கள் இருந்தது உண்மை. 2012-இல் அங்கே குடியேற்றத் துறை 45 சீனர்களைக் கைது செய்ததும் உண்மை. ஆனால் ஆலைகளைச் சாய்த்தவை மின்வெட்டு, ஜெனரேட்டருக்கான டீசல் செலவு, எல்லை வழியாக நடந்த கடத்தல், பழைய எந்திரங்கள். ஒரு நாட்டிலிருந்து எவ்வளவு துணி வாங்கலாம் என்று வரம்பு கட்டிய உலகத் துணி வர்த்தக ஒதுக்கீட்டு முறையும் 2005 ஜனவரியில் முடிவுக்கு வந்தது. கானோவில் ஒரு சீனர்கூட இல்லாவிட்டாலும் நைஜீரிய வணிகரே சீனாவின் குவாங்சோவுக்கு விமானம் ஏறிப்போய் அதே துணியைக் கொண்டுவந்திருப்பார், கொண்டுவந்தும் இருக்கிறார்கள். சரக்கு செய்த சேதத்தை அதை விற்றவர் தலையில் கட்டினால், விற்பவரை அனுப்பிவிட்ட மறுநாளும் சரக்கு வந்துகொண்டே இருக்கும்.

படி பறிபோன கதைக்கும், பறிபோன பிறகு வேறு வழியில் ஏறியவர்களின் கதைக்கும் டோகோ நாட்டின் லோமே நகரம் நல்ல சான்று. ஹாலந்தில் அச்சான மெழுகுத் துணியை மேற்கு ஆப்பிரிக்கா முழுவதற்கும் விற்ற பெண் வணிகர்கள் அங்கே இருந்தார்கள். அவர்கள் ஓட்டிய மெர்சிடிஸ் பென்ஸ் கார்களால் ‘நானா பென்ஸ்’ என்ற பெயர் நிலைத்தது. எந்தத் துணியில் எந்தச் சித்திரம், எந்தச் சித்திரத்துக்கு என்ன பெயர் என்பதையெல்லாம் அறிந்தவர்கள். சில சித்திரங்களை விற்கும் தனியுரிமையும் அவர்கள் கையில் இருந்தது. 1994 ஜனவரியில் அங்கே புழங்கும் நாணயமான சி.எஃப்.ஏ. ஃபிராங்கின் மதிப்பு பாதியாகக் குறைக்கப்பட்டபோது ஹாலந்துத் துணியின் விலை வாங்குபவருக்கு எட்டாத உயரத்துக்குப் போனது. பிறகு அதே சித்திரங்களைப் போலிசெய்த மலிவான சீனத் துணி வந்து இறங்கியது. பழைய நானா பென்ஸ் வணிகம் சரிந்தது. ஆனால் ‘நானெத்’ என்று அழைக்கப்பட்ட அடுத்த தலைமுறைப் பெண்கள் தாங்களே சீனா போனார்கள். வாடிக்கையாளருக்கு எந்த நிறம் பிடிக்கும் என்ற அறிவை எடுத்துப்போய் அங்கேயே அச்சிடச் சொல்லி லோமேவில் இறக்கினார்கள். அம்மாக்கள் அளவுக்குச் செல்வம் சேர்க்கவில்லை என்றாலும், இறக்குமதிப் படியில் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டார்கள்.

தடை போட்டவர்கள் கண்டது என்ன?

அரசுகள் முதலில் எடுக்கும் ஆயுதம் தடை. எழுபது ஆண்டு அனுபவம் இருப்பதால் அதன் பலனைத் தெளிவாகவே பார்க்கலாம்.

பிலிப்பைன்ஸ் 1954-இல் சில்லறை வணிகத்தைக் குடிமக்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிச் சட்டம் இயற்றியது. குறி, சீனக் கடைக்காரர்கள். 1957-இல் உச்ச நீதிமன்றமும் சட்டம் செல்லும் என்றது. கடையை விட்ட சீனர்கள் ஊரை விடவில்லை. மொத்த வணிகத்துக்கும் உற்பத்திக்கும் நகர்ந்தார்கள். சிலர் பிலிப்பினோ மனைவி பெயரிலோ நம்பிக்கையான ஆள் பெயரிலோ கடையை நடத்தினார்கள். பினாமியைத் தண்டிக்க அந்த நாட்டில் 1936-லேயே ஒரு சட்டம் இருந்தது என்பதிலிருந்தே பழக்கம் எவ்வளவு பழையது என்று தெரிகிறது. 2000-இல் சில்லறை வணிகத்தை வெளிநாட்டு முதலீட்டுக்குத் திறந்துவிட்டார்கள். 2021-இல் அதற்குக் கொண்டுவர வேண்டிய குறைந்தபட்ச முதலீட்டையும் இறக்கினார்கள்.

கானா 1969 நவம்பரில், அனுமதிப் பத்திரம் இல்லாத வெளிநாட்டவர் இரண்டே வாரத்தில் வெளியேற வேண்டும் என்று ஆணையிட்டது. லட்சக்கணக்கானோர் மூட்டை கட்டினார்கள். அவர்களில் சிற்றூர்கள் வரை சரக்குக் கொண்டுபோன நைஜீரிய யோருபா வணிகர்களும் இருந்தார்கள், கோகோ தோட்டங்களில் வேலைசெய்தவர்களும் இருந்தார்கள். 1983-இல் நைஜீரியா அதே கதவைக் கானாக்காரர்கள் முகத்தில் சாத்தியது; ஏறக்குறைய 10 லட்சம் பேர் திரும்ப வேண்டியிருந்தது.

உகாண்டா இன்னும் கொடுமை. 1972 ஆகஸ்ட்டில் இடி அமீன் ஆசியர்களுக்கு, அதாவது பெரும்பாலும் இந்திய வம்சாவளியினருக்கு, நாட்டைவிட்டு வெளியேற 90 நாள் கெடு விதித்தார். அவர்கள் விட்டுப்போன கடைகளும் ஆலைகளும் ராணுவத்தினருக்கும் ஆட்சிக்கு வேண்டியவர்களுக்கும் பங்கிடப்பட்டன. இருந்த சரக்கை விற்றுத் தீர்த்த பிறகு புதுச் சரக்கு எங்கே வாங்குவது, யாரிடம் கடன் சொல்வது என்று கடையைப் பெற்றவர்களில் பலருக்குத் தெரியவில்லை. சர்க்கரை, சோப்பு, உப்புக்கே தட்டுப்பாடு வந்தது. கரும்பு ஆலைகள் முடங்கியபோது வேலை இழந்தவர்கள் அங்கே உழைத்த ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள். 1986-க்குப் பிறகு வந்த அரசு ஆசியர்களைத் திரும்ப அழைத்துச் சொத்துகளையும் ஒப்படைத்தது. கடையைக் கைமாற்றிவிடலாம், கடைக்குப் பின்னால் இருக்கும் கடன் தொடர்பையும் நம்பிக்கையையும் ஆணை போட்டு மாற்ற முடியாது.

வந்தவர் பக்கத்தில் தமிழர்கள் நின்ற இடமும் உண்டு, அதை மறைக்கக்கூடாது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் செட்டியார்களின் கையிலிருந்த நிலம் 6 விழுக்காடு. நெல் விலை சரிந்த மந்த காலத்தில் அடமானங்கள் மூழ்க, 1938-இல் அது 25 விழுக்காடானது. காட்டைத் திருத்தி நெல் வயலாக்கப் பணம் கொடுத்தவர்கள் அவர்கள்தான். நிலம் வேண்டும் என்று போனவர்களும் அல்லர், வட்டிதான் அவர்கள் தொழில். ஆனால் சொந்த நிலத்தில் உழுதவர் குத்தகைதாரராகவோ கூலியாகவோ ஆனதை அந்த விளக்கம் மாற்றாது. வேலை இருந்தது, உடைமை போயிற்று. பர்மியர்களின் கோபம் அங்கிருந்துதான் வந்தது. 1960-களில் பர்மாவிலிருந்து சுமார் 3 லட்சம் இந்தியர்கள் வெளியேற நேர்ந்ததற்குப் பின்னால் அந்தக் கோபமும் இருந்தது.

தடை வேண்டாம் என்றால் வேறு என்னதான் செய்வது? கானா 2013-இல் கொண்டுவந்த சட்டம் ஒரு நடுவழியை முயன்றது: வணிகம் செய்ய வரும் வெளிநாட்டவர் 10 லட்சம் டாலர் முதலீடு கொண்டுவர வேண்டும், திறன் பெற்ற கானாக்காரர் 20 பேரை வேலைக்கு வைக்க வேண்டும், சந்தையில் சில்லறை விற்பனைக்கு இடம் கிடையாது. காகிதத்தில் நியாயமாகத் தெரிகிறது. ஆனால் அக்ராவிலும் குமாசியிலும் உதிரிபாகக் கடை வைத்திருந்த நைஜீரியர்களிடம் அவ்வளவு முதல் ஏது? மேற்கு ஆப்பிரிக்கக் கூட்டமைப்பின் 1979 ஒப்பந்தப்படி நடமாடவும் குடியிருக்கவும் தங்களுக்கு உரிமை உண்டு என்றார்கள் அவர்கள். சட்டம் அமலாகவில்லை என்று உள்ளூர் வணிகர் சங்கத்தினர் தாங்களே போய்க் கடைகளுக்குப் பூட்டுப் போட்டார்கள். பெரிய முதலாளி தப்பித்தார், சின்னக் கடைக்காரர் மாட்டினார்.

என் பார்வையில், முதலீட்டு வரம்பை விட இரண்டாவது நிபந்தனைதான் முக்கியம். அதிலும் எத்தனை பேர் என்பதை விட என்ன வேலை என்பது முக்கியம். உள்ளூர்ப் பையன் பத்து ஆண்டும் கடை வாசலில் மூட்டை இறக்கிக்கொண்டே இருந்தால் அவனுக்குக் கூலி மட்டும்தான் மிஞ்சும். கொள்முதல், கணக்கு, சுங்கம், சரக்கு அனுப்புபவரோடு பேரம் ஆகியவற்றில் அவனுக்குக் கை பழகினால் பதினோராம் ஆண்டு அவனே கடை போடுவான். குடும்பத்துக்குள்ளேயே வைத்து நடத்தும் வணிகம் இதைத் தானாகச் செய்யாது. ரகசியம் வெளியே போவது அதற்கு நஷ்டம். இங்கேதான் அரசுக்கு வேலை இருக்கிறது. உள்ளூர்ச் சிறு வணிகர்களின் கூட்டுக் கொள்முதலுக்குக் கடன் உத்தரவாதம் தருவது, சுங்க மதிப்பீட்டை இருவருக்கும் ஒரே கறாராக நடத்துவது, கடைத் தொழிலாளர் கூலிச் சட்டத்தை அமல்படுத்துவது எல்லாம் கைதட்டல் வாங்கித்தராத வேலைகள். தேர்தல் நெருங்கும்போது இவற்றை விடக் கடைக்குப் பூட்டுப் போடுவது எளிதாக இருக்கிறது.

2025 ஜூலையில் தான்சானியா 15 வகைத் தொழில்களை வெளிநாட்டவருக்குத் தடை செய்தது. கைபேசி பழுதுபார்ப்பு, அழகு நிலையம், கைபேசிப் பணப் பரிமாற்றம், சுற்றுலா வழிகாட்டுதல், தோட்டத்துக்கே போய் விளைச்சல் வாங்குவது ஆகியவை பட்டியலில் இருக்கின்றன. மீறும் வெளிநாட்டவருக்கு அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. துணைபோகும் தான்சானியருக்கும் தண்டனை உண்டு. அண்டை நாடான கென்யா, கிழக்கு ஆப்பிரிக்கப் பொதுச் சந்தை ஒப்பந்தத்தைச் சுட்டிக்காட்டி உடனே எதிர்ப்புத் தெரிவித்தது. தார் எஸ் சலாமின் கரியாக்கூ சந்தையில் நெடுநாள் புகைந்த குறை இந்த ஆணைக்குப் பின்னால் இருக்கிறது, அதை அலட்சியப்படுத்த முடியாது. ஆனால் தோட்டத்தில் விளைச்சல் வாங்க வரும் வெளியாள் போய்விட்டால் விவசாயியிடம் வாங்க வருபவர்களில் ஒருவர் குறைகிறார்; அதனால் விலை இறங்கினால் நஷ்டம் தான்சானிய விவசாயிக்குத்தான். கரியாக்கூவில் காலியாகும் கடையை எடுக்கப்போகும் தான்சானியருக்குச் சரக்கைக் கடனுக்குத் தரப்போவது யார் என்ற கேள்விக்குப் பதிலை, தடைகளையும் தண்டனைகளையும் அடுக்கும் அந்த ஆணையில் தேட முடியாது. அதைத் தலைநகர் டொடோமாவின் நிதி அமைச்சகமும் வங்கிகளும்தான் சொல்ல வேண்டும்.